அதிக மதிப்பெண் வாங்கிய தோள்

இரண்டு வருடங்களுக்கு முன், காபிப் பழம் பறிப்பு தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, நாகலூர் பக்கம் மலையில் ஒரு காபி எஸ்டேட்டுக்கு வீடியோ கேம் கருவியோடு போனேன். நானும் அதே மலையில் காபி பறிக்கிற அம்மாவின் மகள்தான். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள்; அப்போது பிசியோதெரபி மேற்படிப்பில் இருந்தேன். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம்.

அந்தக் கருவியின் கேமரா முன் நின்று கையைத் தூக்கினால், திரையில் விழும் பழங்களைப் பிடிக்கலாம். கை எவ்வளவு உயரம் போகிறது என்று அது பதிந்துகொள்ளும். பறிக்கும் பெண்களின் தோள்வலிதான் என் ஆய்வு.

காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் கொட்டகையில் டிவியை வைத்தேன். ஆட்களை வரிசையாக நிறுத்தித் தரும்படி, பேர் பதிந்து கூலிக் கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டரிடம் நானேதான் கேட்டேன். அவரும் நோட்டோடு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"ஏனுங்க கண்ணு, இந்தச் செடியில எறும்பு கடிக்காதுங்களா? அப்ப நாளெல்லாம் இங்கயே பறிக்கறேனுங்க" என்றார் ஒருவர், திரையைக் காட்டி. கொட்டகையே சிரித்தது.

நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. வலது கையை உயர்த்தி, ஒரு பழம் விடாமல் பிடித்தார். முகமெல்லாம் வியர்வை.

"தோள் வலிக்குதுங்களாக்கா?"

ரைட்டரை ஒருமுறை பார்த்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க கண்ணு."

'வலி இல்லை' என்று பதிந்தேன். மதிப்பெண் அழகாக வருகிறதே என்று இன்னும் இரண்டு ஆட்டம் ஆட வைத்தேன். அன்றைக்கு அவர்தான் முதலிடம். எல்லோரையும் கை தட்டச் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடி அளக்கப் போனபோது அவர் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். வலது கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். தோள் தசைநாரில் முன்பே இருந்த கிழிசல் அன்றைய ஆட்டத்தில் பெரிதாகிவிட்டதாம்.

"ரைட்டரு நோட்டோட நின்னாருங்களே. கை தூக்கலைன்னா இந்த சீசனுக்கு ஆகாதுன்னு எழுதிப்புடுவாருன்னு பயந்துட்டேனுங்க. அதுக்கு முன்னாடியே நொம்ப நாளா வலிதானுங்க மேடம்."

கண்ணு என்றவர் மேடம் என்றார். அந்த சீசன் முழுக்க அவரால் ஒரு பழம்கூடப் பறிக்க முடியவில்லை.

அப்படியொரு கொட்டகையில், பேர் கூப்பிடும்போது அம்மா காய்ச்சலை மறைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றதைச் சிறு வயதில் பார்த்தவள் நான். இப்போதெல்லாம் கேமராவை இயக்குமுன் நோட்டு வைத்திருப்பவரை வெளியே அனுப்பிவிடுகிறேன். ஆனால் அந்த அக்காவின் மதிப்பெண்ணைத் தாண்டி இன்றுவரை யாரும் எடுக்கவில்லை; பட்டியலின் உச்சியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் என் தலைதான் தாழ்ந்துபோகிறது.