பீஸ் விழாத சைவம்

எங்கள் வீட்டில் முட்டை உடைத்தது கிடையாது. இதை அப்பா யாரும் கேட்காமலே சொல்வார். கல்யாண வீடோ, துஷ்டி வீடோ, தென்காசி பஸ் ஸ்டாண்டோ, நின்ற இடத்தில் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் முட்டை உடைக்காத எங்கள் அடுப்பில்தான் வந்து முடியும். அரிசி மண்டியில் இருபது வருஷமாக மூட்டை எண்ணுகிற மனிதருக்குப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. அவர் மகன் என்பதால் நானும் சைவம். பெரும்பாலும்.

அந்தப் ‘பெரும்பாலும்’ என்பதற்குள் நான் பத்து வருஷம் வசதியாகக் குடியிருந்தேன். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதியும் என்னைத் தேற விடாத அதே மூளை இந்த விஷயத்தில் மட்டும் பிரமாதமாக வேலை செய்தது. கோழியைத் தின்றால்தானே அசைவம்? கோழி குளித்துவிட்டுப் போன தண்ணீர் எப்படி அசைவமாகும்? குற்றாலத்தில் ஊர் உலகமே குளித்த தண்ணீரில்தான் நாமும் தலையைக் கொடுக்கிறோம். அதனால் நம் சாதி சனம் மாறிவிடுகிறதா?

ஆகவே பரோட்டாக் கடையில் என் ஆர்டர் எப்போதும் ஒன்றுதான்.

“அண்ணாச்சி, நாலு பரோட்டா. சால்னா பீஸ் விழாம ஊத்துங்க.”

“கோழிக்கு வலிக்காம திங்கவன் இந்த ஊர்லயே நீ ஒருத்தந்தாம்லே,” என்பார் கடைக்கார அண்ணாச்சி.

ஒரு தடவை கரண்டி தவறி ஒரு சின்ன எலும்பு விழுந்துவிட்டது. அதை மரியாதையாக எடுத்து இலை ஓரத்தில் வைத்து, மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மிச்சத்தைப் பிசைந்து சாப்பிட்டேன். வெள்ளி, சனி, கார்த்திகை, பிரதோஷம் என்றால் சால்னாவும் கிடையாது. எனக்கும் கொள்கை உண்டு.

இந்தக் கொள்கையோடுதான் சென்னைக்குப் போனேன். வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் பைக் வேலை. செங்கோட்டைக்காரன் ஒருத்தன் அங்கே பெரிய ஓட்டல் ஒன்றில் பரோட்டா மாஸ்டராக இருந்தான். இரண்டு பேரும் ஒரே அறை. முதுகில் பிறத்தியார் பிரியாணியைச் சுமந்துகொண்டு, அதன் வாசனையை மட்டும் தின்று திரிந்த எனக்கு, வாராவாரம் ஒரு நாளாவது வெளியே உட்கார்ந்து சாப்பிட்டால்தான் ஆச்சு.

சென்னையில் சைவக்காரன் கதி என்னவென்று போன பிறகுதான் தெரிந்தது. பனீர். எந்தக் கடைக்குப் போனாலும் பனீர். வறுத்த பனீர், சுட்ட பனீர், பச்சைக் குழம்பில் மிதக்கும் பனீர். மூன்றாம் மாதம் கனவில் ஒரு எருமை வந்து, ‘போதுமாடா?’ என்று கேட்டது. பீஸ் விழாமல் சால்னா கேட்டால், சைவமா என்று கேட்டுவிட்டுப் பரோட்டாவுக்குக் குருமா கொடுத்தார்கள். அது குருமா இல்லை. காய்கறிக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருந்தது.

ஒரு நாள் சம்பளம் வந்த தெம்பில், மேஜை நடுவிலேயே அடுப்பு வைத்துக் கம்பியில் குத்திச் சுட்டுத் தரும் ஏசி ஓட்டலுக்குப் போனோம். கழுத்தில் கறுப்பு டை கட்டியவர் வந்து, சைவம் சாப்பிடுகிறவர் முன்னால் பச்சை அட்டையும் மற்றவர் முன்னால் சிவப்பு அட்டையும் வைப்போம் என்றார். செங்கோட்டைக்காரன் முன்னால் சிவப்பு வந்து உட்கார்ந்தது. என்னைப் பார்த்தார்.

“பாதி பச்ச, பாதி செவப்புல ஒண்ணு இருக்கா சார்?” என்று கேட்டேன்.

“சாரி சார், அப்படி இல்ல.”

“பின்ன என்ன பெரிய ஓட்டலு?”

மேஜைக்கடியில் செங்கோட்டைக்காரன் என் காலை மிதித்தான். பச்சை அட்டை வைத்தார்கள். கம்பியில் பனீர் வந்தது.

வெளியே வந்து பைக்கில் ஏறும்போதுதான் அவன் அதைச் சொன்னான். “ஏலே, கார்த்திகை பொறந்தா நம்ம ஊர்ல எத்தன பேரு மாலை போடுதான்? எல்லாவனும் கறி திங்கவன். நாப்பத்தெட்டு நாளு நாக்கு செத்துத் திரிவான். அவனுக்குக் கோழி இல்லாத கோழி சால்னா ஊத்துனா?”

“கோழி இல்லாமலா?”

“கோழிக்கே தெரியக் கூடாது, பாத்துக்கோ.”

சொன்னதோடு நிற்கவில்லை. அடுத்த வாரமே ஓட்டல் முதலாளியிடம் வேலையை விட்டான். சும்மா விட்டிருக்கலாம். “ரோசமுள்ள நாய்கூட உங்க பரோட்டாவத் திங்காது” என்று சொல்லிவிட்டு வந்தான். திரும்பப் போகிற வழியை அவனே அடைத்துவிட்டான். அவன் அம்மாவோ ஊர் பூராவும் மகன் முதலாளி ஆகப்போகிறான் என்று சொல்லி முடித்திருந்தாள். ஐந்தருவி போகிற சாலையில் ஒரு தகரக் கொட்டகை பிடித்தான். ‘சுத்த சைவம், சாமிகளுக்கான பரோட்டா’ என்று போர்டு. தை பிறப்பதற்குள் கடை நிலைக்க வேண்டும். நிலைக்காவிட்டால் செங்கோட்டையில் தலைகாட்ட முடியாது, சென்னையிலும் முடியாது. இடையில் இருக்கிற எந்த ஸ்டேஷனில் இறங்குவது என்று ரயில் அட்டவணை பார்ப்பதாகச் சொன்னான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அட்டவணை நிஜமாகவே சட்டைப்பையில் இருந்தது.

நானும் பைக்கை விட்டுவிட்டு வந்துவிட்டேன். என் வேலை ருசி பார்ப்பது. வறுத்த தேங்காய், பெருஞ்சீரகம், கல்பாசி, சின்ன உள்ளி எல்லாம் போட்டு அரைத்தான். “இன்னும் கோழி வரல்ல,” என்றேன். காளான் அவித்த தண்ணீரை ஊற்றினான். “கோழி தெருமுனையில நிக்குது. உள்ள வரல்ல.” ஏழாம் நாள், அவன் அம்மா மண்ணில் புரட்டிப் பத்திரப்படுத்தியிருந்த பலாக்கொட்டையை அவித்து அரைத்துக் கலந்தான். ஒரு வாய் வைத்தேன்.

“வந்துட்டுலே!” என்று கத்தினேன். “எறக்க விரிச்சு நிக்கி!”

கார்த்திகை முழுக்கக் கடை சுமாராக ஓடியது. மார்கழி பிறந்ததும் கூட்டம் கூடியது. அப்போதுதான் அப்பா குழுவும் அருவியில் குளிக்க வந்தது. வருஷா வருஷம் அப்பாவும் மாலை போடுவார். மாலை போட்டுவிட்டால் அவர் வேறு ஆள். மற்ற மாதங்களில் என்னைத் தண்ணீர் தெளித்து எழுப்புகிறவர், அந்த நாட்களில், “சாமி, மணி எட்டாச்சு, எந்திரிங்க சாமி,” என்பார். கோபப்படக் கூடாது, யாரையும் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது விரதம். எனக்கு அது பொற்காலம்.

நான்தான் அவர்களைக் கடைக்குக் கூட்டிவந்தேன். பன்னிரண்டு சாமிகள். ஈரக் கறுப்பு வேட்டியோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். நடுவில் குருசாமி. போலீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். மீசையும் தொப்பையும் இன்னும் டூட்டியில் இருந்தன. மற்ற மாதங்களில் அவர் ஒரு முழுக் கோழியை ஒரே ஆளாக விசாரித்து முடித்துவிடுவார் என்று அப்பாவே சொல்லியிருக்கிறார்.

குருசாமி முதல் விள்ளலை வாயில் போட்டார். கண்ணை மூடினார். செங்கோட்டைக்காரன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். இரண்டாவது விள்ளல். அதோடு நிறுத்திவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

“எல்லா சாமியும் கைய எடுங்க. இதுல கோழி இருக்கு சாமி.”

பதினொரு கை இலைக்கு மேலே அப்படியே நின்றது.

“ஐயோ, சத்தியமாட்டு இல்ல சாமி,” என்றான் செங்கோட்டைக்காரன்.

“முப்பத்தோரு வருசம் ஸ்டேஷன்ல சத்தியம் கேட்டவன்ட்ட சத்தியம் பண்ணாதீங்க சாமி.”

அவன் குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்து கரண்டியால் அடி வரைக்கும் கிண்டிக் காட்டினான். ஒரு எலும்பு இல்லை, ஒரு துண்டு இல்லை.

“வடிகட்டிருப்பீங்க சாமி. தடயத்த அழிக்கது நான் பாக்காததா?”

“பலாக்கொட்ட சாமி! அரச்சு விட்டுருக்கேன்!”

“பலாக்கொட்ட கொக்கரக்கோன்னு கூவுமா சாமி?”

திட்டு எல்லாம் திட்டுதான், கடைசியில் ஒரு சாமி மட்டும் மரியாதையாக ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தார்கள். ஒருத்தர் விரலை வாய்க்குள் விட்டுத் துப்பினார். வேனில் இருந்து இறங்கி வந்த கூட்டம் விஷயத்தைக் கேட்டுவிட்டு எதிரே இருந்த பஜ்ஜிக் கடைக்குத் திரும்பியது. சாமிகளுக்குக் கோழி ஊற்றினான் என்ற பேச்சு அருவிக் கரைக்குப் போக ஐந்து நிமிஷம் போதும். அப்புறம் அந்தச் சாலையில் அவன் டீகூட விற்க முடியாது.

குருசாமி விசாரணையை முறைப்படி நடத்தினார். “இங்கன ஆயுள் சைவம் யாரும் உண்டுமா?”

அப்பா கையைத் தூக்கினார். இதற்காகவே பிறந்தவர் மாதிரி தூக்கினார். “எங்க வீட்டுல முட்ட ஒடச்சது கெடயாது சாமி. எனக்கு நல்லாத்தான் இருக்கு.”

“கோழி ருசி எப்படி இருக்கும்னு தெரியுமா சாமி?”

“தெரியாது சாமி.”

“அப்ப ஒங்க சாட்சி செல்லாது சாமி.”

அது நியாயம்தான். ருசி தெரியாதவர் சொன்னால் செல்லாது. ருசி தெரிந்த பதினொரு பேரும் முப்பது நாள் காய்ந்து கிடந்தவர்கள். அவர்களுக்கு அன்றைக்கு ரசத்தைக் காட்டியிருந்தாலும் அதில் ஒரு சேவல் நீந்தியிருக்கும். ருசியும் தெரிந்து, மாலையும் போடாத ஒருத்தன் வேண்டும்.

அப்படி ஒருத்தன் தண்ணீர் ஜக்கோடு நின்றுகொண்டிருந்தான் என்பது செங்கோட்டைக்காரனுக்குத் தெரியும். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. குண்டானை இறக்கி வைத்தான், அடுப்பை அணைத்தான், போர்டைக் கழற்ற ஸ்டூலைத் தேடினான். கெஞ்சியிருந்தால் ஏதாவது கேலி பேசித் தப்பித்திருப்பேன். அந்த ஸ்டூலைத் தேடியதுதான் தாங்கவில்லை.

“அது கோழி இல்ல சாமி,” என்றேன்.

“எப்படிச் சொல்லுதீங்க சாமி?”

“கோழி சால்னா கையில பட்டா லேசுல போகாது சாமி. சோப்புக்கும் போகாது. எலுமிச்சந்தோலு, புளி, காப்பிப் பொடி, ஆத்து மணலு எல்லாம் போட்டுத் தேச்சுப் பாத்தாச்சு. டூத் பேஸ்டுக்கு மட்டும் கொஞ்சம் கேக்கும். அதும் வீட்டு வாசல் நட தாண்டுத வரைக்குந்தான்.”

குருசாமி மீசையைத் தடவினார்.

“யாரு தேச்சுப் பாத்தது சாமி?”

“நாந்தான் சாமி.”

“எத்தன தடவ?”

“வாரத்துக்கு ரெண்டு. பத்து வருசமா.” அப்பா முகத்தைப் பார்க்காமல் இருக்கக் கூரைத் தகரத்தைப் பார்த்தேன். “வெள்ளி சனி கெடயாது சாமி. பீஸும் தொட்டதில்ல.”

யாரோ ஒரு சாமி களுக் என்று சிரித்தார். குருசாமி முறைத்ததும் அது இருமலானது.

“வெறும் தண்ணியில கையக் கழுவி மோந்து பாருங்க சாமி,” என்றேன். “கோழி இருந்தா வாசன நிக்கும்.”

பன்னிரண்டு சாமிகளும் குழாயடியில் வரிசையாகக் கை கழுவினார்கள். பிறகு பன்னிரண்டு பேரும் விரலை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றார்கள். தூரத்தில் இருந்து பார்த்தவர்கள் ஏதோ புதுப் பூஜை என்று நினைத்திருப்பார்கள். குருசாமி தன் கையை மூன்று தடவை முகர்ந்தார். நம்பாமல் அப்பா கையையும் வாங்கி முகர்ந்தார்.

“பெருஞ்சீரகந்தான் வருது,” என்றார் மெதுவாக. பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். “மன்னிச்சிருங்க சாமி. முப்பது நாளாச்சு. எதத் தின்னாலும் அதுவாத் தெரியுது.” இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “இன்னும் நாலு வைங்க. நல்லா ஊத்துங்க,” என்றார்.

அடுப்பு மறுபடி எரிந்தது. பஜ்ஜிக் கடைக்குப் போன கூட்டம் பஜ்ஜியோடு திரும்பி வந்தது. சாயங்காலம் பலாக்கொட்டை தீர்ந்துபோய், அவன் அம்மா ஆட்டோவில் ஒரு சாக்கு கொண்டுவந்து இறக்கினாள். போலீஸையே ஏமாற்றிய சால்னா என்று இப்போது சாரல் சீசனுக்கும் கூட்டம் நிற்கிறது.

அப்பா மட்டும் அன்றைக்கு இலையில் இருந்ததைச் சிந்தாமல் சாப்பிட்டு முடித்தார். என் பக்கத்தில் வந்தார். கண் சிவந்திருந்தது. மூச்சை இழுத்து விட்டார்.

“மாலை கழுத்துல கெடக்கு. கோவப்படக் கூடாது. தை பொறக்கட்டும் சாமி.”

அந்த ஒரு மாதம் வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதை யாருக்கும் கிடைத்திருக்காது. “சாமி, காப்பி குடிங்க சாமி.” அப்பா காலண்டரில் நாளைக் கிழிக்கிற சத்தம் என் முதுகுத் தோலை உரிக்கிற மாதிரியே இருந்தது.

தையில் மலையில் இருந்து திரும்பி, கோயிலில் மாலையைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்தார். பையைக் கீழே வைக்கவில்லை.

“ஏலே. இங்கன வா. கைய நீட்டு.”

அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு நீட்டினேன். அடி விழவில்லை. மூக்கு வந்து பட்டது. முகர்ந்தார், விரல் இடுக்குகளையும் விடவில்லை.

“ம். போ.”

அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து தினமும் அதேதான். வெளியே போய்விட்டு வந்தால் வாசலிலேயே கையை நீட்ட வேண்டும். கேரள எல்லையில் புளியரை செக்போஸ்ட்டில் லாரிக்குக்கூட இவ்வளவு சோதனை கிடையாது. டூத் பேஸ்ட் பீரோவுக்குள் போய்விட்டது. காலையில் அவரே அளந்து பிதுக்கித் தருகிறார்.

நான் இப்போது பரோட்டாவை ஸ்பூனால் சாப்பிடப் பழகிக்கொண்டிருக்கிறேன். கஷ்டம்தான். போன புதன்கிழமை ஒரு துண்டு வழுக்கிப் பக்கத்து மேஜைக்காரர் மடியில் விழுந்தது. கடைக்கார அண்ணாச்சி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “சென்னைக்குப் போயிட்டு வந்தா இப்படித்தாம்லே ஆயிருதீங்க,” என்றார்.