புதுத் துணிப் போர்வைகள்

சென்ற ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, எலும்பு டாக்டர் என் வலதுகைக் கட்டைவிரலை மடக்கியும் நிமிர்த்தியும் பார்த்துவிட்டு, ஆறு வாரத்துக்குக் கத்தரிக்கோலையும் ஊசியையும் தொடக் கூடாது என்றார்.

“தொட்டா என்ன ஆகும் டாக்டர்?”

“மடங்கினது மடங்கினபடியே நின்னுரும்மா. அப்புறம் கீறித்தான் சரிபண்ணணும்.”

பசுமலைக்கு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தபோது கேட்டில் இரண்டு மூட்டைகள் சாய்ந்திருந்தன. இரண்டும் துண்டுத் துணி. ஒன்றின் வாயைச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். மற்றது வாய் திறந்து ரவிக்கைத் துணி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. யார் வைத்தது என்று கேட்கத் தேவையில்லை. எங்கள் பக்கத்துத் தையல்காரர்கள் நான்கு பேரும் முறை வைத்தாற்போல் கொண்டுவந்து வைப்பார்கள்.

இது நானே வரவழைத்துக்கொண்டது. ஒன்றரை ஆண்டுக்கு முன், கடைத்தெருவில் ரவிக்கை தைக்கும் தம்பி கடையைக் கூட்டிக் குப்பையை அள்ளியபோது பார்த்தேன். கை வெட்டும்போது விழும் பிறைத் துண்டுகள், கழுத்து வட்டங்கள், லைனிங் துணி, சுங்குடிப் புடவையின் முந்தியில் வெட்டிய, சாயத்துக்காகப் போட்ட முடிச்சு அவிழ்க்காத பட்டைகள். எல்லாம் புதுத் துணி. “இதை எனக்குக் கொடுப்பா” என்று ஒரு பை வாங்கிவந்தேன். நிறம் பிரித்து, இஸ்திரி போட்டு, நான்கு விரல் சதுரமாக வெட்டி, எங்கள் கட்டிலுக்கு ஒரு ஒட்டுப் போர்வை தைத்தேன். தைக்க இருபத்தாறு நாள் ஆயிற்று. அதைத் துவைத்து மாடியில் காயப்போட்டதுதான் நான் செய்த பிழை.

தெருக்கோடியில் இருக்கும் டீச்சர் அதைப் பார்த்துவிட்டார். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் தெருப் பெண்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. மறுநாளே வந்தார்.

“ஏம்மா, இம்புட்டு அழகா கை வேலைய வச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள உக்காந்திருக்கீகளே! பிரசவ ஆஸ்பத்திரியில பச்சப்பிள்ளைகளுக்குப் போர்த்தத் துணி இல்லாமக் கிடக்குது. சின்னதா தச்சுக் குடுங்க. நம்ம சங்கத்துப் பேர்ல கொண்டுபோய்க் குடுத்துருவோம்.”

மாதம் இரண்டு டஜன் என்று முடிவானது. யார் முடிவு செய்தது என்று இன்றுவரை எனக்குத் தெளிவாக இல்லை. பதின்மூன்று மாதம் விடாமல் கொடுத்தேன். மேலே ஒட்டுத் துணி, நடுவில் பழைய போர்வைத் துண்டு, அடியில் புது லைனிங். ஒவ்வொன்றின் மூலையிலும் சிறு நாடாவில் எண் எழுதித் தைத்தேன். ஆடியில் எண் முந்நூற்றுப் பன்னிரண்டில் நின்றது.

அதற்குள் பின்னறையின் ஜன்னலை மூட்டைகள் மறைத்துவிட்டன. பேரையூரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குப் போவது மூன்று முறை தள்ளிப்போயிற்று. தெருவில் நடந்தால், “நீங்கதானே அந்தத் துணி தைக்கிற அக்கா?” என்று கையெடுத்துக் கும்பிட்டவர்களும் உண்டு. கும்பிடுகிறவரிடம் எப்படி வேண்டாம் என்று சொல்வது?

டாக்டர் சொன்னதை டீச்சரிடம் ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னேன். “அய்யய்யோ! அப்ப அவசரப்படாதீக. இந்த மாசம் இருவது குடுத்தாப் போதும்” என்றார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய சலுகை.

என் கணவரிடம் சொன்னேன். அவர் மறுநாள் மெக்கானிக்கைக் கூட்டிவந்து மிஷினுக்கு மோட்டார் மாட்டிவிட்டார்.

“இனிமே மிதிக்க வேண்டியதே இல்ல. தொட்டா ஓடும்.”

“வலிக்கிறது காலு இல்லங்க, கை.”

“அதான், காலுக்கு வேலை குறைஞ்சா கைக்கும் கொஞ்சம் தெம்பா இருக்கும்ல?”

அவர் முகத்தில் அவ்வளவு நிறைவு.

அந்த மாதப் போர்வைகளைக் கொடுக்கப் போகிற நாளில் டீச்சருக்கு ஒரு கல்யாணம். “நீங்களே போய்ட்டு வந்துருங்களேன்” என்றார். அதுவரை நான் அந்த ஆஸ்பத்திரிக்குள் போனதில்லை. இருபது போர்வைகளையும் இரண்டு பைகளில் இடதுகையில் தூக்கிக்கொண்டு போனேன். நர்ஸ் நன்றி சொல்லி வாங்கி, ஓர் இரும்பு பீரோவைத் திறந்தார்.

உள்ளே என் போர்வைகள் இருந்தன. அடுக்கு கலையவில்லை. மேல் தட்டில் ஒன்று முதல் நாற்பத்தெட்டு வரை, அதற்குக் கீழே அடுத்தவை. ஒன்றும் பிரிக்கப்படவில்லை. நான் சுற்றிக் கட்டிய நூல்கூட அப்படியே இருந்தது.

“சிஸ்டர், இதெல்லாம் யாருக்கும் குடுக்கலையா?”

நர்ஸ் சங்கடப்பட்டார். “வேணுமான்னு கேட்டுப் பாத்தோம்மா. யாரும் போத்த மாட்டேங்கிறாங்க. நீங்க வேற இம்புட்டு சிரத்தையா தச்சு அனுப்புறீங்க. மனசு நோகுமேன்னுதான் வாங்கி வச்சோம்.”

பக்கத்துக் கட்டிலில் பிறந்து ஒரு நாளான பெண் குழந்தை. வெளுத்து மெலிந்த வேட்டித் துணியில் சுற்றியிருந்தார்கள். குழந்தையின் தாய் திருவாதவூர்ப் பக்கம். துணைக்கு இருந்த அவளுடைய அத்தை நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“புதுத் துணிய எப்புடித்தா பச்சப்பிள்ள மேல போடுறது? மேலு நோகாது? மொதல்ல பழசுதான் படணும். நீயும் பிள்ள பெத்தவதான?”

பெற்றவள்தான். என் மகனை என் மாமனாரின் கிழிந்த வேட்டியில்தான் முதலில் சுற்றினார்கள். முப்பது நாள் கழித்துத்தான் புதுச் சட்டை போட்டோம். எனக்குத் தெரியாத வழக்கம் இல்லை. ஆனால் தர்மம் என்று கொடுக்கும்போது பழைய துணியைக் கொடுப்பது கொடுக்கிறவர்களுக்கும் வாங்குகிறவர்களுக்கும் கேவலம் என்றும் எனக்குச் சொல்லித்தான் வளர்த்தார்கள். தைத்த பதின்மூன்று மாதமும் இரண்டாவது மட்டுமே நினைவில் இருந்திருக்கிறது. சங்கத்தில் இருக்கும் இருபத்திரண்டு பெண்களுக்கும் அப்படித்தான். எங்களில் பிள்ளை பெறாதவர் இருவரே.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, விரலை மடியில் வைத்துக்கொண்டு, இதோடு முடிந்தது என்று நினைத்தேன். யாரும் போர்த்தாத போர்வையை இனி யார் தைக்கச் சொல்வார்கள்?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பார்த்ததை எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, எனக்குச் சுங்குடிப் பட்டைகள் தருகிறவள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “ஏன்க்கா, எங்க வீட்லயும் பழசுதானே போடுவோம். ஒருத்தருக்குமா தோணல?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டீச்சர் சிரிக்கவில்லை, யோசித்தார்.

“இது ஒரு விஷயமே இல்ல. ஒரு பக்கம் பழைய வேட்டிய வச்சுத் தச்சுட்டா, பிள்ள மேல பழசு படும், வெளியில புதுசு தெரியும். ஆஸ்பத்திரியில இருக்கிறது பூராவும் திரும்ப வரட்டும். வீட்டுக்கு ரெண்டு வேட்டி குடுத்துருங்க.”

கை தட்டினார்கள்.

புதன்கிழமை முந்நூற்று முப்பத்திரண்டு போர்வைகளும் ஆட்டோவில் வந்து இறங்கின. வேட்டிகள் அதற்கு முன்பே வர ஆரம்பித்திருந்தன. பின்னறை கொள்ளாமல் கூடத்தில் அடுக்கினோம். “உன்னய நம்பி எம்புட்டுப் பேரு இருக்காக, பாத்தியா” என்றார் என் கணவர், வேட்டிக் கட்டுகளைத் தாண்டிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தபடி.

அடியில் இருக்கும் லைனிங்கைப் பிரிக்க வேண்டும். வேட்டியை அளந்து கிழிக்க வேண்டும். பிறகு நான்கு ஓரமும் அடிக்க வேண்டும். வியாழக்கிழமை நான்கு போர்வை முடித்தேன். ஐந்தாவதைப் பிரிக்கும்போது கட்டைவிரல் மடங்கி நின்றுவிட்டது. இடதுகையால் பிடித்து இழுத்தபோது டக்கென்று சத்தம் கேட்டு நிமிர்ந்தது. சத்தத்துக்குப் பிறகுதான் வலி வந்தது.

எழுந்து நேரே டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்.

“டீச்சர், பிள்ளைக்கு வேட்டித் துணி மட்டும் போதும். துவைச்சு, கிழிச்சு, மடிச்சுக் குடுத்துரலாம். தைக்கவே வேண்டாம்.”

“வெறும் கிழிசலையா? சங்கத்துப் பேர்லயா? ஏம்மா, நல்லாவா இருக்கும்?”

“என்னால முடியல டீச்சர். நான் இனிமே தைக்கல.”

சொல்லிவிட்டேன். பதின்மூன்று மாதமாக மனத்துக்குள் சொல்லிப் பார்த்தது, ஒரு மூச்சில் வெளியே வந்துவிட்டது. கையை நீட்டி விரலைக் காட்டினேன். டீச்சர் கீரையைக் கீழே வைத்துவிட்டு என் கையைத் தன் இரண்டு கைகளிலும் வாங்கிக்கொண்டார். அவர் கண் கலங்கிவிட்டது.

“இப்புடியா வீங்கிக் கிடக்குது? இதோட உங்களத் தைக்கச் சொன்னா நான் மனுஷியா? ஒண்ணும் செய்யாதீக. நல்லாக் குணமாகட்டும். அதுவரைக்கும் எல்லாம் உங்க வீட்டுலயே இருக்கட்டும். உங்க கை படாம வேற யாரும் தச்சா அது மாதிரி வராது. நாங்க காத்திருக்கோம்.”

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை, வேட்டிக் கட்டுகள் ஆறையும் கூடத்திலிருந்து இழுத்துப்போய்க் கேட்டுக்கு வெளியே, சுவரோரமாக வைத்தேன். யாராவது பார்த்து, சங்கதி புரிந்து, எடுத்துப் போகட்டும் என்று எண்ணினேன். கேட்டைச் சாத்திவிட்டு வந்து, கூடத்தில் காலியான இடத்தில் வெறுந்தரையில் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன்.

மதியம் மூன்று மணிக்கு வானம் இருட்டியது. வெளியே போய்ப் பார்த்தேன். கட்டுகள் ஒன்பது இருந்தன. போகிற வருகிறவர்கள், துணி வைக்கும் இடம் இதுதான் என்று நினைத்துத் தங்களுடையதையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். மேலே இருந்த கட்டுக்குள், துவைத்து நீலம் போட்ட வேட்டிகள். மடிப்புகூடக் கலையவில்லை.

முதல் தூறல் அதன்மேல் விழுந்தது. ஒவ்வொரு கட்டாக, இடதுகையால் அணைத்துத் தூக்கி, ஒன்பதையும் உள்ளே கொண்டுவந்து வைத்தேன்.