கடைசி ஆளுக்கு முதல் சீட்டு

எங்கள் டீமின் விடுமுறைக் காலண்டரைத் தயாரிப்பது நான்தான். கேரளத்தில், கழக்கூட்டம் என்ற ஊரின் ஐ.டி. பார்க்கில் உட்கார்ந்துகொண்டு ஐரோப்பாவில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறோம் என்பதால், அந்த நாட்டுப் பண்டிகைகள் எனக்கு அத்துப்படி. அவர்களுடைய ராஜாவின் பிறந்தநாளைக்கூட விடாமல் குறித்திருந்தேன். விட்டுப்போனது கேரளத்தில் சட்டசபைத் தேர்தல் நடக்கும் நாள் மட்டும்தான். அன்றைக்கே புது வெர்ஷனை வெளியிடுவதாக ஒத்துக்கொண்டும் இருந்தேன். தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

திருநெல்வேலியிலிருந்து என் ஓட்டை இங்கே நான் குடியிருக்கும் ஸ்ரீவராகத்துக்கு மாற்றிச் சில மாதங்களே ஆகியிருந்தன. பத்து வருஷமாகக் குடிக்கும் தண்ணீர், ஏறும் பஸ், போகும் ஆஸ்பத்திரி எல்லாம் இந்த ஊருடையவை. ஓட்டு மட்டும் அங்கே கிடந்தது. ஐரோப்பாவிலிருந்து என் வேலை இருக்குமா போகுமா என்று முடிவு செய்கிறவர்களுக்கு எதிராகவோ ஆதரவாகவோ நான் ஓட்டுப் போட முடியாது. போட முடிந்த இந்த ஒன்றையும் கோட்டை விடுகிறேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தேர்தலன்று மதியத்துக்குள் முடிய வேண்டிய வேலை இழுத்துக்கொண்டே போய் நாலரை ஆனது. ஆறு மணிக்கு வாக்குப்பதிவு முடிந்துவிடும். வெட்கத்தை விட்டு, வீடியோவில் எதிரே இருந்த அந்தக் கம்பெனியின் மேலாளரம்மாவிடம் சொன்னேன். இதைக் காலையிலேயே சொல்வதற்கென்ன என்று கடிந்துகொண்டார். மீதியைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி என்னை விரட்டாத குறையாக அனுப்பினார்.

நெடுஞ்சாலை நெரிசலில் ஆட்டோ நகர்ந்த லட்சணத்தைச் சொல்லி மாளாது. வாக்குச்சாவடி இருந்த பள்ளிக்கூட கேட்டுக்குள் நான் ஓடி நுழைந்தபோது, தேர்தல் அதிகாரி கையில் சீட்டுக் கட்டோடு வரிசையின் வால்பக்கம் வந்துவிட்டார். ஆறு மணிக்கு நிற்பவர்களுக்குக் கடைசி ஆளிலிருந்துதான் சீட்டுக் கொடுப்பார்கள்; அதற்குப் பின்னால் யாரும் சேர முடியாது. கடைசியில் நின்றவர் ஒரு ஹோட்டல் தொழிலாளி; தென்காசிக்காரர் என்று பிறகு அவரே சொன்னார். நீட்டிய சீட்டை அவர் வாங்கவில்லை.

“சாரே, ஒரு ஆளு கூடி உண்டு” என்று மலையாளத்தில் சொல்லி, இன்னும் ஓர் ஆள் இருப்பதாக என்னைக் காட்டினார். என்னிடம், “மெதுவா வாங்கக்கா, ஒண்ணாம் நம்பர் உங்களுக்குத்தான்” என்றார்.

முன்பின் தெரியாத அந்த மனிதர் கை நீட்டாமல் நின்ற அந்த ஒரு நொடிக்கு இன்றைக்கும் மனதார நன்றி சொல்கிறேன்.

மறுநாள் மீட்டிங்கில் மேலாளரம்மா விரலைக் காட்டச் சொன்னார். கேமராவுக்கு நேரே நீட்டினேன். கழுவினால் போகுமா என்று கேட்டார். சில வாரங்களுக்குப் போகாது என்றேன். பார்த்துக்கொண்டே இருந்தார். தான் பிறந்த நாட்டில் தேர்தலே நடந்ததில்லை, குடியேறிய நாட்டில் இன்னும் குடியுரிமை வரவில்லை என்றார். தனக்கு ஐம்பத்தாறு வயதாகிறது, இதுவரை ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை என்றார்.