ஒரு பட்டை, ஏழு முட்டி

போன சனிக்கிழமை ஒரு திருட்டைக் கண்டுபிடித்தேன். அண்ணியின் முட்டிப் பட்டை அண்ணியின் முட்டியில் இல்லை. பக்கத்து வீட்டு அஞ்சலை அக்காவின் முட்டியில் இருந்தது.

இருங்கள்... முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

மலேசியாவில், ஜெராமுக்கும் கோலசிலாங்கூருக்கும் நடுவே எங்கள் ரப்பர் தோட்டம். அண்ணி பால்மரம் வெட்டுகிறவர், மரத்தைக் கீறிப் பால் இறக்குகிறவர். ஐந்து வாரத்துக்கு முன்னால், மழை விட்ட ஈரத்தில், வாய்க்கால் பலகை வழுக்கி வலது முட்டி முறுக்கிக்கொண்டது. எலும்புக்கு ஒன்றுமில்லை, ஜவ்வுதான் இழுபட்டிருக்கிறது என்றார் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர்.

அண்ணிக்குக் கவலை வலி இல்லை. நிரை! ஒருவருக்கென்று ஒதுக்கிய மர வரிசைதான் நிரை. அண்ணியுடையது பழைய மரங்கள். வெட்டு நெஞ்சு உயரத்தில், நின்றபடியே வெட்டலாம். மாசக் கடைசிக்குள் வராவிட்டால் அதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு, அண்ணியைப் புது மரத்துக்கு அனுப்பப் போவதாக வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொல்லிவிட்டார். புது மரத்தில் வெட்டு தாழ இருக்கும். மரத்துக்கு மரம் குந்தி எழ வேண்டும். முட்டி போனவருக்கு இதைவிட வேறு தண்டனை வேண்டுமா?

நானோ ஃபுட்பால் பைத்தியம். எங்கள் டீமில் பாதிப் பேர் முட்டிக்கு எலாஸ்டிக் பட்டை போட்டுத்தான் ஆடுகிறோம். அதே வைத்தியம் அண்ணிக்கும் ஆகாதா? சைக்கிளை மிதித்தேன், வாங்கி வந்தேன்.

டிரஸர் போட்டுப் பார்த்துச் சரி என்றார். நடக்கும்போது போட வேண்டும், படுக்கும்போது கழற்ற வேண்டும், தினமும் காலை நீட்டித் தூக்கிப் பத்து எண்ண வேண்டும்.

“பட்டை பாதி வேலைதாம்மா செய்யும். மீதிய தொடைச் சதை செய்யணும்.”

இரண்டே வாரத்தில் அண்ணி நொண்டாமல் கிணற்றடி வரை போய் வந்தார். நானே குணப்படுத்திவிட்ட மாதிரி ஒரு மிதப்பு எனக்கு. அந்த மிதப்பில்தான் விழுந்தது அடி.

அஞ்சலை அக்காவை விசாரித்தேன். காலையில் கண்ணம்மாவிடம் இருந்ததாம். அதற்கு முன் மாரியம்மா. அதற்கும் முன்... தேங்காய்த் துருவி மாதிரி எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சுற்றியிருக்கிறது பட்டை! அண்ணியைச் சேர்த்து ஏழு முட்டி. திரும்பி வந்தபோது இரண்டு முட்டிகள் உள்ளே தாராளமாகக் குடித்தனம் நடத்தலாம் – அவ்வளவு தொளதொளப்பு.

அண்ணி அரிசி கழுவிக்கொண்டிருந்தார். நான் லெக்சர் அடித்தேன். இறுக்கமில்லாத பட்டை வெறும் காலுறை, மாசக் கடைசிக்குப் பத்தே நாள், இது என்ன தர்மசத்திரமா... அண்ணி நிமிர்ந்து பார்த்தார்.

“என் நிரைய இத்தன நாளா யாரு வெட்டுறாங்கன்னு நெனச்ச தம்பி? அவங்கவங்க மரத்த முடிச்சிட்டு, ஆளுக்குக் கொஞ்சமா என்னுதயும் வெட்டுறாங்க. பால் நிக்காம போவுது, அதான் மண்டோரு பொறுத்திருக்காரு. முட்டி வலிக்குது, குடுன்னு கேட்டா... எந்த வாயால இல்லைங்கறது?”

லெக்சரை அங்கேயே மடித்து வைத்தேன்.

ஏழு முட்டிக்கு ஏழு பட்டை என்று முடிவு செய்தோம், சைக்கிள்தான் இருக்கிறதே. அன்று சாயங்காலமே அண்ணி ஒவ்வொருவர் முட்டியிலும் நூல் சுற்றி அளவெடுத்தார். ஆள் அடையாளத்துக்கு ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு என்று போட்டுக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஏழு நூலோடு கடையில் நின்றேன். கடை முதலாளி சீனத் தவுக்கே நூல்களை மேசையில் வரிசையாக வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“எந்த டீம் லா இது?”

“தோட்டத்து டீம், தவுக்கே. எல்லாருமே டிஃபென்ஸ்.”

இப்போது சாயங்காலமானால் லயத்து வாசலில் ஏழு பாய். ஏழு கால் மேலே போகிறது, ஒரே குரலில் பத்து எண்ணுகிறார்கள். வலி வந்தவருக்கு அது மருந்து. வராதவருக்கு? வேலி!

நேற்று அண்ணி புதுப் பட்டையோடு தன் நிரைக்குப் போனார். மெதுவாகத்தான் வெட்டினார், கடைசி மரத்தை அஞ்சலை அக்காவைக்கூடத் தொட விடவில்லை. மண்டோர் வந்தார், பார்த்தார், அந்த நிரைக்கு நேரே அண்ணியின் பெயரையே எழுதினார்.

எழுதிவிட்டு, தன் இடது முட்டியைத் தடவியபடி, அளவெடுக்க நூல் மீதி இருக்கிறதா என்று கேட்டாராம்.