ஒற்றை முடிச்சுப் பொட்டலம்

பக்கத்து வீட்டுப் பெண்ணின் கொலுசைப் பார்த்துப் பொறாமைப்படலாம், கூடப் படிக்கிறவளின் மார்க்கைப் பார்த்துப் பொறாமைப்படலாம். அதிலெல்லாம் ஒரு நியாயம் இருக்கிறது. நான் ஒரு நாட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள். அதுவும் தினம் குண்டு விழுகிற நாடு. உக்ரைனிடம் அப்படி என்ன இருந்தது என்று கேட்டால், எங்கள் அப்பா இருந்தார், அக்கா இருந்தாள். இரண்டு பேரும் சிதம்பரத்தில் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டுத் தூங்கினார்கள். நினைப்பு மட்டும் அங்கே.

அப்போது நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். டாக்டருக்குப் படிக்கப் போயிருந்த அக்கா, சண்டை மூண்டதும் ஒரு பையோடு பனியில் நடந்து எல்லையைத் தாண்டி ஊர் வந்து சேர்ந்தாள். ரயிலடியில் மாலை போட்டார்கள். ஒரு மாதம் வீட்டுக்கு ஆட்கள் வந்தபடியே இருந்தார்கள், ஆப்பிளும் சாத்துக்குடியுமாக. எங்கள் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுப் பேச வைத்தார்கள். பேசி முடித்ததும் கணக்கு டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "நீ அவங்க தங்கச்சியா?" என்று கேட்டுவிட்டு, நம்பாதவர்போல இன்னொரு தரம் ஏற இறங்கப் பார்த்தார்.

வீட்டில் இருந்தது ஒரே அறை. அது அக்காவின் ஆன்லைன் வகுப்புக்குப் போய்விட்டது. நான் அடுப்படியில் கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். கதவிடுக்கு வழியாகப் பார்த்தால் போனில் அந்த ஊர் வாத்தியாரம்மா ஒருவர் தெரிவார். நிலவறையில் கோட்டு போட்டுக்கொண்டு பாடம் நடத்துவார். குண்டு வருகிறதென்று சங்கு ஊதினால் பாடம் நிற்கும். ஒரு மணி நேரம் கழித்து, விட்ட வரியிலிருந்தே மறுபடி தொடங்குவார்.

அப்பாவுக்கு சேத்தியாத்தோப்பு போகிற ரோட்டில் வெல்டிங் பட்டறை. கேட், கிரில், ஜன்னல் கம்பி. அக்கா அங்கே தங்கியிருந்த வீட்டுக்காரருக்கும் பட்டறைதானாம். அது போதாதா? அக்கா காட்டும் வீடியோக்களை அப்பா வாய் பிளந்து பார்த்தார். வீட்டுக்காரரின் ஆட்களில் பாதிப் பேர் சண்டைக்குப் போய்விட்டார்கள். மீதி ஆட்களை வைத்துக்கொண்டு பகலில் இடிந்த கடைகளுக்கு ஷட்டரும் ஜன்னலும் செய்கிறார். சாயங்காலம் பட்டாளத்துக்காரர்கள் பதுங்கு குழிக்குள் குளிர் காய இரும்பு அடுப்பு செய்கிறார். புதிதாக இரண்டு பெண்கள் வெல்டிங் பிடிக்கக் கற்றுக்கொண்டு வேலைக்கு வருகிறார்கள்.

கடலூர் முதுநகரில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, ஞாயிற்றுக்கிழமை மீனோடு வருவார். அப்பா அவரைப் பிடித்துக்கொள்வார்.

"அங்க ஒரு கம்பெனியில கண்ணாடி பூரா நொறுங்கிப்போச்சாம் மச்சான். மறுநாள் காலையில பலகை அடிச்சிட்டு மிஷின ஓட்டுறான். சண்டை முடியட்டும், அப்புறம் கட்டிக்கலாம்னு எவனும் உக்காரல. நான் நாலு தூத்தல் விழுந்தா பட்டறைய மூடிட்டு வந்து படுத்துக்கிறேன்."

"அப்ப நீங்களும் ஒரு குண்டு வாங்கிப் பட்டறையில போட்டுக்குங்க மாமா. ஆர்டர் குவிஞ்சிடும்."

அப்பாவே சிரித்துவிட்டார். சிரித்த வாயோடு என் பக்கம் திரும்பினார். "அங்க புள்ளைங்க பாதாள ரயிலடியில உக்காந்து படிக்குதுங்க. இதுக்கு ஃபேன் ஒரு நிமிஷம் நின்னா படிப்பு ஏறாது."

மார்க்கில் தோற்றால் அடுத்த பரீட்சையில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு நாட்டோடு போட்டி என்றால் நான் எங்கே போவேன்?

எனக்கு இரும்பில் ஒரு படிப்பு மேஜை செய்து தருவதாக அப்பா சொல்லியிருந்தார். அதற்கென்று ஆங்கிளும் தகடும் வாங்கிப் பட்டறை மூலையில் சாய்த்து வைத்திருந்தார். யாரும் எடுத்துவிடக் கூடாதே என்று தகட்டில் சாக்பீஸால் என் பெயரைப் பெரிதாக எழுதி வைத்திருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன், பெயர் அழிந்திருந்தால் மறுபடி எழுதுவேன். புரட்டாசியில் ஒருநாள் போனால் மூலை காலியாக இருந்தது. பட்டறை நடுவில் நாலு காலும் புகைபோக்கியும் வைத்த ஓர் இரும்பு அடுப்பு நின்றது. அக்கா காட்டிய வீடியோவைப் பார்த்து அப்பா செய்தது.

தெருவே கூடிவிட்டது.

"இதுல எத்தினி ஈடு இட்லி வேகும்ணே?" என்றார் டீக்கடைக்காரர்.

"இது சமைக்கிறதுக்கு இல்லப்பா. குளிருக்கு."

"குளிரா? எங்க?" என்று அவர் தோள் துண்டை எடுத்துக் கழுத்து வேர்வையைத் துடைத்தார்.

அக்கா வீடியோ காலில் அந்த ஊர் வீட்டுக்காரருக்கு அடுப்பைக் காட்டினாள். அவர் உற்றுப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். "வெல்டிங் நல்லாருக்காம்ப்பா. புகைபோக்கிதான் சின்னதா இருக்குதாம்" என்றாள் அக்கா. அப்பாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. நான் முதல் ரேங்க் வாங்கியிருந்தாலும் அப்படி மலர்ந்திருக்காது. அடுப்பின் பக்கவாட்டில் என் பெயரின் பாதி இருந்தது. மீதி எழுத்துகள் வெல்டிங் சூட்டில் கருகிப் போயிருந்தன. அதை யாரும் கவனிக்கவில்லை.

அந்த வாரத்தில்தான் அக்காவின் காலேஜிலிருந்து தகவல் வந்தது. இனிமேல் நேரில் வந்து படித்தால்தான் பட்டம். சண்டை நடந்துகொண்டேதான் இருந்தது. ஆனாலும் காலேஜைத் திறந்துவிட்டார்கள். போகிறேன் என்றாள் அக்கா. போகட்டும் என்றார் அப்பா. அம்மா மட்டும் கல் மாதிரி நின்றாள். "பெத்த புள்ளைய நானே கொண்டுபோய் குண்டுக்குக் கீழ நிறுத்தணுமா?" பத்து நாள் வீட்டில் பேச்சுவார்த்தை அற்றுப்போனது. தட்டு வைக்கும் சத்தம்தான் கேட்டது. கடைசியில் மாமாதான், குலதெய்வத்திடம் பூப்போட்டுப் பார்த்துவிடலாம் என்றார். வெள்ளைப் பூ வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் போகக் கூடாது. அக்கா கற்பூரத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்தாள். "செவப்பு வந்தா டிக்கெட்டப் பத்தி அப்புறம் நான் வாயே தொறக்கல."

எங்கள் அம்மன் கோயில் சேத்தியாத்தோப்பைத் தாண்டி வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது. நாங்கள் ஐந்து பேரும் பஸ்ஸில் போனோம். செவ்வரளியையும் நந்தியாவட்டையையும் தனித்தனியாக வாழையிலைக் கிழிசலில் மடித்து நூல் சுற்றியது அம்மாதான். எடுக்க வேண்டியது நான். வீட்டில் சின்னப் பெண் எடுப்பதுதான் எங்கள் வழக்கம். கால் கழுவிவிடுகிற சாக்கில் அம்மா என்னை அடிபம்பு பக்கம் இழுத்துப் போனாள்.

"செவப்பு இருக்கிற பொட்டலத்துல ரெண்டு முடிச்சு போட்டிருக்கேன். தடவிப் பாத்து அத எடுத்துடு. யார்கிட்டயும் மூச்சு விடாத. அக்கா நம்மளோடயே இருந்துடுவாடி."

சொல்லிவிட்டுக் கோயில் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். சாமி முன்னால் திருட்டு செய்யச் சொல்கிற பயம். எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. அக்கா திரும்பி வந்த எட்டு மாதத்தில் முதல் தரமாக அம்மா என் காதோடு ஒரு ரகசியம் சொல்கிறாள், அதுவும் அக்காவைப் பற்றித்தான் என்பது மட்டும் உறைத்தது.

பூசாரி திருநீற்றுத் தட்டில் இரண்டு பொட்டலத்தையும் உருட்டிப் போட்டுவிட்டு, "கண்ண மூடிக்கம்மா. ஆத்தாள நெனச்சிக்கிட்டு எடு" என்றார். கண்ணை மூடினேன். ஆத்தாவை நினைக்கவில்லை. காலியான பட்டறை மூலையை நினைத்தேன். விரலுக்கு முதலில் தட்டுப்பட்டது இரட்டை முடிச்சு. உளுந்து மாதிரி உருண்டையாக, நன்றாகவே தெரிந்தது. அம்மா எனக்காகத்தான் அவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தாள். அதை விட்டுவிட்டு மற்றதை எடுத்தேன்.

பிரித்தார்கள். நந்தியாவட்டை. அப்பா, "தாயே!" என்று சாஷ்டாங்கமாக விழுந்தார். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்காமல் உள்ளே அம்மன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள், வேகவேகமாக, அடித்துக்கொள்கிற மாதிரி.

அன்றிலிருந்து அடிக்குக் காத்திருந்தேன். அம்மா என்னை அடிக்க வேண்டுமென்றால் முதலில் இரட்டை முடிச்சு விஷயத்தை அப்பாவிடம் சொல்ல வேண்டும், அதனால்தான் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று கணக்குப் போட்டேன். ஆனால் அம்மா அடியோடு மாறிப்போனாள். அழுகை நின்றுவிட்டது. பருப்புப்பொடி அரைத்தாள், எலுமிச்சை ஊறுகாய் போட்டாள், அக்காவின் பெட்டியைத் தானே அடுக்கினாள். அக்கா ஊருக்குப் போன பிறகு அம்மா என்னைத் தனியாகக் கவனித்துக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

போவதற்கு முந்தின வாரம் அக்கா அப்பாவிடம் சண்டை போட்டாள். "நான் கெளம்புறதுக்குள்ள அவளுக்கு மேஜை போட்டுக் குடுங்க. புள்ள அடுப்படியில உக்காந்து படிக்குது, பாக்க நல்லாவா இருக்கு?" இரண்டே நாளில் மேஜை வந்தது. பச்சைப் பெயிண்ட் அடித்து, டிராயரெல்லாம் வைத்து. அக்கா ரயிலேறிய மறுநாள் அறை, மேஜை, ஃபேன் எல்லாம் எனக்கு என்று ஆனது. புத்தகத்தை விரித்து வைத்தேன். ஒரு வரி ஓடவில்லை. அன்றைக்கு ஓடாதது அப்புறமும் சரியாக ஓடவில்லை. பத்தாவதோடு நிறுத்திவிட்டு அண்ணாமலை நகரில் ஜெராக்ஸ் கடைக்கு வேலைக்கு வந்துவிட்டேன். இன்றைக்கும் கடைப் பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்த பிறகுதான் படியிறங்குகிறேன். பாதி வழியில் இன்னொரு தரம் போய்ப் பார்ப்பதும் உண்டு.

அக்கா போன ஒரு மாதத்தில் அந்த ஊரில் மின் நிலையத்தின் மேல் குண்டு விழுந்தது. டிவியில் ஊரே இருட்டாகத் தெரிந்தது. அக்காவின் போன் கிடைக்கவில்லை. ஒரு நாள், இரண்டு நாள். போன் மணி கேட்காமல் போய்விடப் போகிறதே என்று அப்பா பட்டறையில் மிஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். மாமா மீனில்லாமல் வெறுங்கையோடு வந்தார். நான் டிவி முன்னாலிருந்து எழுந்திருக்கவில்லை. அம்மா மட்டும் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், எப்போதும்போல. "ஆத்தாளே அனுப்பி வச்சிருக்கா. அவளுக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள் அப்பாவிடம். "போய் வேலையப் பாருங்க."

அந்த அமைதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன்.

"அம்மா, ரெட்டை முடிச்சு என் கையில தட்டுப்பட்டுச்சும்மா. நான்தான் வேணும்னே எடுக்கல. அக்கா போவட்டும்னு நான்தாம்மா மத்தத எடுத்தேன்."

முறம் நின்றது. இப்போது விழும் என்று கண்ணை இறுக்கிக்கொண்டேன்.

"நீயா எடுத்த?" என்றாள். குரலில் கோபம் இல்லை, சிரிப்பு இருந்தது. "போடி பைத்தியம்." தவிடு ஒட்டிய விரல்களால் என் வலது கையைப் பிடித்தாள். அதை விரித்து, ஒரு கண்ணில், பிறகு அடுத்த கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் அக்கா பேசினாள். பனியில் நின்று கம்பி இழுத்துக் கரண்டைக் கொண்டுவந்துவிட்டார்களாம். கண்ணாடியைக் கூட்டி அள்ளிவிட்டு ரொட்டிக் கடையைத் திறந்துவிட்டார்களாம். வீட்டுக்காரரின் பட்டறையில் இந்த வாரம் முப்பது அடுப்பாம். அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு, மாமாவைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார், "கேட்டியா மச்சான், கேட்டியா?" எல்லோரும் அந்தப் போனைச் சுற்றி நின்றார்கள். நான் தள்ளியே நின்றேன். முதல் தரமாக எனக்கு அந்த நாட்டின் மேல் பொறாமை வரவில்லை. அதற்கு எல்லாம் இருக்கட்டும், அப்பா இருக்கட்டும், அக்கா இருக்கட்டும். அம்மாவின் கண் ஈரம் என் உள்ளங்கையில் பட்டது எனக்கு மட்டுமே உரியது, அதில் யாருக்கும் பங்கு இல்லை என்று கையை மூடியே வைத்திருந்தேன். சாப்பிடும்போதுகூட ஸ்பூன் கேட்டேன்.

அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டது என் கையை அல்ல என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.