எட்டாவது ஆள்

கபடியில் களத்தில் ஏழு பேர், வெளியே மாற்று ஆட்கள் ஐந்து பேர் வரை வைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு பேருக்கு நான் எங்கே போவேன்? ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனிப் பெண்களில் ஒருத்திக்கு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம், ஒருத்திக்கு சர்ச், இன்னொருத்தி சோளிங்கர் மலைக்கு வேண்டுதல் என்று கிளம்பிவிடுவாள். எல்லாம் போக மிஞ்சுவது எட்டு. ஏழு பேராகப் போனாலாவது நிம்மதி, எல்லோரும் ஆடலாம். எட்டு பேராகப் போனால்தான் வம்பு. ஒருத்தியை உட்கார வைக்க வேண்டும். கேப்டனாகித் தொலைத்த பாவத்துக்கு அதை நான்தான் சொல்ல வேண்டும்.

அந்த எட்டாவது ஆள் எப்போதும் எங்கள் தையல் லைனின் ரிலீவர்தான். மெஷினில் இருக்கிற யாருக்காவது பாத்ரூம் போக வேண்டுமென்றால் கையைத் தூக்குவோம். அவள் ஓடி வந்து அந்த இடத்தில் உட்காருவாள். லைன் நிற்கக் கூடாது, அதற்குத்தான் அவள். கபடியில் அவளுக்கு நல்ல பிடி உண்டு, ஆனால் கால் கொஞ்சம் மந்தம். அதனால் ஒரு மேட்ச்சில்கூட நான் அவளை இறக்கியதில்லை.

போன மாதம் பாகாயம் பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் மேட்ச். போகும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, இன்னைக்கும் ஆடலன்னா இனிமே நான் வர்றதுக்கில்ல. 'ரெண்டு புள்ளைங்களையும் என் தலைல கட்டிட்டு, சும்மா உக்காந்துட்டு வர்றதுக்கு இன்னாத்துக்குப் போற?'ன்னு அவரு கேக்குறாரு. ஞாயம்தானே? இன்னைக்கும் உக்கார வெச்சா நிறுத்திடறேன்னு சொல்லிட்டேன்."

"ரெண்டாவது பாதில எறக்கறேன்டி. சத்தியமா."

சொல்லிவிட்டேன். என் வாய் சும்மா இருக்குமா?

இடைவேளையில் இரண்டு டீமும் சமம். அவள் முட்டியில் நீகேப்பை இழுத்துவிட்டுக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். ஒரு பாயிண்ட் முன்னால் போனதும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். போனோம். இப்போது மாற்றினால் அந்த ஒரு பாயிண்டும் போய்விடுமோ என்று தள்ளிப்போட்டேன். டைம் அவுட் கேட்டு, அம்பயரிடம் சொல்லி, ஒருத்தி வெளியே வந்தபிறகு இன்னொருத்தி உள்ளே போக வேண்டும். அவ்வளவுதான் வேலை. கேட்கவில்லை.

கடைசி ரைடு. அதே ஒரு பாயிண்ட் முன்னால் இருக்கிறோம், எங்கள் ஏழு பேரும் உள்ளே. எதிர் டீம் பெண் மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டு நேராக என் மூலைக்கு வந்தாள். நான் பின்னால் கால் வைத்தேன். முட்டி திருகிக்கொண்டது. ஐயோ, அம்மா! அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கை தானாக மேலே போனது. வருஷக்கணக்காக மெஷினில் தூக்கிப் பழகிய கை.

கண்ணை மூடித் திறப்பதற்குள், வெளியே உட்கார்ந்திருந்தவள் உள்ளே நிற்கிறாள். கோட்டைப் பார்க்கவில்லை, அம்பயரைப் பார்க்கவில்லை. கை தூக்கினால் ஓடி வர வேண்டும், வந்துவிட்டாள். என் இடத்தில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, களத்தில் எட்டாவது ஆளாக. ரைடர் கீழே கிடந்த என்னைத் தொட்டுவிட்டு ஓடிப்போனாள். அதற்கு ஒரு பாயிண்ட். அனுமதியில்லாமல் ஆள் நுழைந்ததற்கு அபராதமாக இன்னொன்று. ஒரு பாயிண்டில் தோற்றோம்.

"அறிவிருக்காடி உனக்கு? உன்னாலதான்டி தோத்தோம்!" மைதானமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

"நீதானக்கா கை தூக்குன," என்றாள்.

திரும்பும்போதும் அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். பஸ்ஸில் என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, துண்டை நனைத்து முட்டியில் போட்டபடி வந்தாள். எனக்குக் கோபம் அடங்கவே இல்லை. அவள் மேலா, என் மேலா என்றுதான் தெரியவில்லை.

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் அவள் புருஷன் இரண்டு பிள்ளைகளோடு பைக்கில் காத்திருந்தார்.

"இன்னா கேப்டன், ஜெயிச்சீங்களா?"

"இல்லண்ணா. ஒரு பாயிண்ட்ல போச்சு."

"இவ ஆடுனாளா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மற்ற ஆறு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஆடுனா," என்றேன்.

அவர் சிரித்தார். கேலிக்குத்தான். "அப்போ இவளாலதான் தோத்துருப்பீங்க!"

நான் கத்திய அதே பேச்சு. இன்னொருத்தர் வாயில் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இல்லண்ணா! தோத்தது என்னால. முட்டி போய் நான் கீழ கெடந்தேன். கூப்ட்டேன், வந்தா. அவ்ளோதான் அவ பண்ணது."

அவர் சிரிப்பை நிறுத்தினார். அவள் நிமிர்ந்தாள். பைக்கில் ஏறி, சின்னதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். புருஷனிடம் எதுவும் கேட்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"அக்கா, உன் முட்டி ஆற நாளாவும். அடுத்த ஞாயித்துக்கெழம நீ இல்லாம நாங்க ஏழு பேர்தான். நான் வர்றேன்."