நூற்று முப்பத்தைந்தா, இருநூறா?

என் நோட்டுப் புத்தகத்துக்கு ஒருவழியாக ஒரு வாசகர் கிடைத்துவிட்டார். தேருக்கு இரண்டு நாள் முந்தி, வியாழக்கிழமை காலை 10.25-க்கு, இரத்தோட்டை ரோட்டில். கையில் துவக்கோடு! ஆமாம், துப்பாக்கி!

அவசரப்படாதீர்கள். முறையாக, முதலிலிருந்தே சொல்கிறேன். கிழமையும் நேரமும் குறிக்காமல் நான் தேநீர்கூடக் குடிப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்தானே?

மாத்தளை முத்துமாரியம்மன் தேரை ஒவ்வொரு மாசி மகத்துக்கும் படம் எடுத்து வருகிறேன். என் பழைய ருஷ்யக் கேமராவில் இருப்பது சாதாரண ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ். அதில் தேர் வரும், வடம் வரும், கூட்டம் வரும், லைட் கம்பம்கூட வரும். அம்மன் முகம் மட்டும் கடுகளவு. போன வருடப் படத்தைப் பார்த்துவிட்டு என் மனைவி பரமேஸ்வரி கேட்டாள்: "அம்மன் எங்கங்க? இந்தா மினுங்குதே, இதுவா? இது பல்ப்புங்க!"

அன்றைக்கே தீர்மானித்தேன். ஒரு டெலிபோட்டோ லென்ஸ் வேண்டும். புதியது நமக்குக் கட்டாது. பழையது எங்கே கிடைக்கும்?

ஃபரீத் நானாவிடம் கிடைத்தது! கோயிலுக்கு எதிர்ப்பக்கம் கீழே கைக்கடிகாரம் திருத்துவார், மாடியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். தோட்டத்துத் துரை ஒருவர் ஊரை விட்டுப் போகும்போது கொடுத்துப்போன இரண்டு லென்ஸ்கள் அவரிடம் இருந்தன. ஈரம் ஏறாமலிருக்க, வறுத்த அரிசி முடிச்சோடு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். ஒன்று நூற்று முப்பத்தைந்து மில்லிமீட்டர். மற்றது இருநூறு. இரண்டுமே திருகி மாட்டுகிறவை. இரண்டுமே என் கேமராவில் பிறந்தவைபோல உட்கார்ந்தன.

டோர்ச் அடித்துப் பார்த்தேன். 135-இல் பூஞ்சணம் இல்லை. உள்ளே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் தகடுகள் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் பட்டென்று மூடித் திறந்தன. 200-இன் ஓரத்தில் சிலந்தி நூல்போல ஒரு கீற்று. ஆனால் அது தூரத்தை இழுத்துக்கொண்டு வருகிற அழகு இருக்கிறதே... மாடி ஜன்னலில் நின்றால் கோபுரத்துப் பொம்மையின் மூக்குத்தி தெரிகிறது!

ஒன்றைக் கழற்றி மற்றதைத் திருகினேன். மறுபடி கழற்றினேன். மறுபடி திருகினேன்.

"எனத்தியன் இது, பொண்ணு பாக்க வந்த மாதிரி?" என்றார் நானா. "அக்காவும் புடிக்குது, தங்கச்சியும் புடிக்குதுன்னா எப்பிடி? ஒண்ண சொல்லுங்களேன்!"

நான் மறுபடி 200-ஐக் கையில் எடுத்தேன். "சரி, ரெண்டையும் கொண்டு போங்க. தேருக்கு முந்தி ஒண்ணு திரும்பி வந்துரணும். கண்டியில ஒருத்தருக்கு சொல்லி வச்சிருக்கேன்" என்று டின்னோடு தந்துவிட்டார்.

மூன்று வாரம்! இரண்டு ரோல் ஃபில்ம். எடுத்த ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் ஒரு வரி. இப்படி:

கோபுரம் — 200 mm — காலை 8.10 — நன்றாக விழுந்தது.
பஸ் ஸ்டாண்ட் — 135 mm — மாலை 4.30 — கொஞ்சம் தள்ளி விழுந்தது.

எண்ணுக்குப் பக்கத்தில் சுருக்கமாக, ஆங்கிலத்தில் இரண்டு எம் எழுத்து. படித்துப் பாருங்கள். ஏதாவது தப்பாகத் தெரிகிறதா? எனக்குத் தெரியவில்லை.

அந்த வியாழக்கிழமை இரத்தோட்டையில் இருக்கும் மைத்துனி வீட்டுக்கு நாங்கள் இருவரும் பஸ் ஏறினோம். பரமேஸ்வரிக்குத் தங்கையைப் பார்க்க வேண்டும். எனக்கு ரிவர்ஸ்டன் பக்கத்து மலையில் மூடுபனி விலகும்போது கடைசிப் பரீட்சை வைக்க வேண்டும்.

வழியில் சென்ட்ரி பொயின்ட், அதுதான் இராணுவச் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கினோம். என் பையைத் திறந்த சிப்பாய், துவாயில் சுற்றியிருந்த இரண்டு கறுப்புக் குழல்களைக் கண்டதும் ஓர் அடி பின்னால் போனான். எனக்குப் பக்கத்தில் நின்றவர்கள் இரண்டு அடி போனார்கள்.

சார்ஜன்ட் வந்தார். நோட்டை எடுத்தார். தமிழ் வாசிக்கத் தெரியாது. எண்கள் தெரியும். அந்த இரண்டு எம் எழுத்தும் நன்றாகவே தெரியும். "மே மொக்கத?" என்று ஒரு வரியில் விரலை வைத்தார். இது என்ன?

எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அதுதான் வினை. "கோபுரம், இருநூறு எம்.எம்." என்று தொடங்கி, "ஹொந்தட்ட வெட்டுனா" என்று மொழிபெயர்த்து முடித்தேன். நன்றாக விழுந்தது!

வாயை மூடிய பிறகுதான் உறைத்தது. தினமும் காலையில் ரேடியோ என்ன சொல்கிறது? இத்தனை எம்.எம். பீரங்கி ஷெல், இன்ன இடத்தில் விழுந்தது. நம் தமிழில் படமும் விழும், ஷெல்லும் விழும். சார்ஜன்ட்டுக்குப் படம் விழுகிற கதை எப்படித் தெரியும்?

"எந்தக் கோபுரம்? போட்டது யார்?" என்றார். குரல் மாறியிருந்தது. இதைவிடச் சின்னக் காரணத்துக்குப் பிடிபட்டுப் போனவர்கள் திரும்பி வர நாளாகியிருக்கிறது. தேர் போச்சு. நானாவின் லென்ஸ் போச்சு. நானும்...?

"மாத்தயா, மேயாட்ட பிஸ்ஸு!"

பரமேஸ்வரிதான். ஐயா, இவருக்குப் பைத்தியம் என்று அத்தனை பேர் முன்னால் சிங்களத்தில் பிரகடனம் செய்தாள். அதோடு விட்டாளா? தங்கையிடம் காட்டிச் சிரிப்பதற்காக எடுத்து வந்த போன வருடத் தேர்ப் படத்தைக் கைப்பையிலிருந்து உருவி நீட்டினாள். வருடா வருடம் அம்மனைப் படம் எடுக்கிறார், ஒன்றிலும் அம்மன் இல்லை, அதற்குத்தான் இந்தக் குழாய்கள் என்றாள்.

சார்ஜன்ட் படத்தைக் கிட்டே பிடித்துப் பார்த்தார். எட்டப் பிடித்தும் பார்த்தார். "அம்மன் எங்கே?" என்றார்.

"அதத்தான் மாத்தயா நானும் கேக்குறேன்!"

அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது. "மாட்டிக் காட்டு" என்றார். நடுங்குகிற விரலால் 200-ஐத் திருகிக் கொடுத்தேன். கண்ணை வைத்தவர் முகத்தைச் சுளித்தார். "ஹெல்லெனவா." ஆடுகிறது. அடுத்து 135. மேட்டிலிருந்த காவல் குடிசைப் பக்கம் திருப்பினார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். திடீரென்று விழுந்து விழுந்து சிரித்தார்! அங்கே காவலுக்கு நின்றவன் துவக்கை மரத்தில் சாத்திவிட்டுக் கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தானாம். விசிலை எடுத்து ஓர் ஊது ஊதினார்.

"மேக்க ஹொந்தாய்" என்று 135-ஐ என் கையில் வைத்தார். இதுதான் நல்லது.

மூன்று வாரம் நான் எடுக்க முடியாத முடிவை மூன்று நிமிடத்தில் எடுத்துவிட்டார்! தூரத்தை நெருக்கமாக்குகிற லென்ஸ் கை நடுக்கத்தையும் அதே அளவு பெரிதாக்கும். புத்தகங்களில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஆனால் ஜன்னல் கட்டையில் முழங்கையை ஊன்றிப் பார்த்தவனுக்கு அது எப்படித் தெரியும்? யோசித்தால், இது லென்ஸுக்கு மட்டுமா? கை நடுங்குகிற காலத்தில் எல்லாமே பெரிதாகத்தான் தெரிகிறது... ஒரு நோட்டுப் புத்தகம்கூட.

பஸ்ஸில் ஏறியதும், "இனிமே மரம், பூவுன்னு மட்டும் எழுதுங்க" என்றாள் பரமேஸ்வரி. "பைத்தியம்னு சொன்னியே?" என்றேன். "அது ஒண்ணுதாங்க அங்க மொழிபெயர்க்காம, உள்ளபடி சொன்னது!"

வெள்ளிக்கிழமை 200 நானாவிடம் திரும்பிப் போனது. சனிக்கிழமை தேர். அதே மாடி ஜன்னல், அதே நான், புது லென்ஸ். திங்கட்கிழமை நானா ஃபில்ம் கழுவி, பிரின்ட் போட்டு, ஈரம் காயுமுன் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து வைத்தார். அம்மன்! கண் தெரிகிறது. மூக்குத்தி தெரிகிறது. நெற்றியில் சந்தனம் வெடித்திருப்பதுகூடத் தெரிகிறது. எனக்குப் பேச்சு வரவில்லை.

பரமேஸ்வரிக்கு வந்தது. தெருவுக்கே கேட்கிற குரலில்:

"நானா, நூத்தி முப்பத்தஞ்சு கோயில்ல எவ்வளவு நல்லா விழுந்திருக்கு பாருங்க!"

நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன்.